தெருவுக்கெல்லாம் மாமாக்

கணக்குப் பரீட்சைக்கு மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. நான் அப்போது இரண்டாம் படிவம், பதினான்கு வயது. ஜியாமெட்ரி பெட்டியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்து, யாரிடம் இரவல் கேட்கலாம் என்று முழித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே ஒருவர் சைக்கிளோடு வந்து நின்றார்.

கட்டம் போட்ட கைலி, வெள்ளை பனியன், தோளில் ஈரத் துண்டு. பக்கத்தில் போனால் டின் பாலின் இனிப்பு வாசனை அடிக்கும். காசிம் மாமா. என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. கிள்ளான் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் என் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, நடத்திய சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி ஆற்றுகிறவர். குவளையைக் கீழே வைத்த கையோடு அப்படியே மிதித்துக்கொண்டு வந்திருந்தார்.

"ஜொஹரா, இந்தா தாயி. பெட்டிய விட்டுட்டு வந்துட்டியே," என்று கம்பிக்குள் கையை நீட்டினார்.

என்னோடு இரண்டு தோழிகள் நின்றார்கள். காரில் வந்து இறங்குகிற வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் என்னைச் சேர்த்துக்கொண்டதே எனக்குப் பெரிய பாக்கியமாகத் தெரிந்த வயது அது. அதில் ஒருத்தி மலாயில் கேட்டாள், "இது எந்த மாமாக்? உனக்குச் சொந்தமா?"

"இல்ல. எங்க கடை ஆளு," என்றேன். நானும் மலாயில்தான் சொன்னேன்.

இருபது வருடமாக மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் தேத்தண்ணி போட்டவருக்கு மலாய் புரியாதா என்ன. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. குரல் மட்டும் கேட்டது. "யா, யா. ஓராங் கெடாய்," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். ஆமாம் ஆமாம், கடை ஆள்தான் என்று. நான் சொன்ன பொய்க்கு அவரே வந்து சாட்சி சொல்லிவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

அந்தப் பரீட்சையில் நான் நல்ல மார்க் வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்கங்கெட்ட ஜென்மம் நான்.

வாலில் ஒட்டிக்கொண்ட 'க்'

சில வாரங்களுக்கு முன்னால் இந்தத் தொடரில் பழைய சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதியிருந்தேன். 'மாமாக் என்ற சொல் எங்கிருந்து வந்தது, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?' என்று ஷா ஆலமிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். மறந்துபோய் விடவில்லை ஐயா. தெரிந்தேதான் விட்டேன்.

சொல்லின் கதை சின்னக் கதைதான். ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் ஆட்கள் கடை வைத்தார்கள். கடையில் வயதான ஒருவர் இருந்தால் மற்றவர்கள் அவரை மாமா என்று கூப்பிட்டார்கள். அது மலாய்க்காரர் காதில் விழுந்தது. அவர்கள் மொழியில் உறவுப் பெயர்களின் வாலில் ஒரு 'க்' ஒட்டிக்கொள்வது வழக்கம். அம்மாவுக்கு எமாக், அப்பாவுக்குப் பாப்பாக், அக்காவுக்குக் காக்காக், எல்லாம் அப்படித்தான். அந்த வரிசையில் எங்கள் மாமாவும் மாமாக் ஆகிவிட்டார்.

முதலில் அது ஆளின் பெயர். அப்புறம் கடையின் பெயர். இப்போது அது ஒரு காரியத்தின் பெயர். "மாமாக் போலாமா?" என்று ஆபீஸ் பிள்ளைகள் கேட்டால், போய் உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாமா, பெரிய திரையில் கால்பந்து பார்க்கலாமா என்று அர்த்தம். கடைக்காரர் எந்த ஊர் என்று யாருக்கும் கவலை இல்லை. வங்காளதேசத்துப் பையன் ரொட்டி வீசுகிறான், அதுவும் மாமாக்தான். அவனை 'அனே' என்று கூப்பிடுகிறார்கள். நம் 'அண்ணே'தான் அது. அவன் ஊரில் அவனுக்கு எத்தனை தம்பிகளோ.

தமிழ்நாட்டில் மாமா என்ற சொல்லுக்கு ஒரு கெட்ட அர்த்தமும் உண்டு. எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

இங்கேயும் அந்தச் சொல்லில் விஷம் இருந்தது. நான் படித்த காலத்தில் 'மாமாக்' என்றால் கஞ்சன், குள்ளநரி, எச்சில் கையைத் துண்டில் துடைக்கிறவன். பிள்ளைகள் சண்டை போட்டால் அதைச் சொல்லித்தான் என்னைத் திட்டுவார்கள். வீட்டில் சொல்லி அழ முடியாது. வீட்டில் அது மாமாவாயிற்றே. நாங்கள் பேசும் தமிழில் அதைவிடப் பாசமான சொல் நான்கைந்துகூட இருக்காது. காது குத்தும்போது காசிம் மாமா மடியில்தான் என்னை உட்கார வைத்தார்களாம்.

பின்னாளில் நான் ஆசிரியை ஆனபோது ரெம்பாவ் பக்கத்து மலாய்க்கார ஆசிரியை ஒருவர் என்னோடு வேலை பார்த்தார். "எங்க ஊர்ல அம்மாவோட தம்பிக்குப் பேரே மாமாக்தான். குடும்பத்துல அவரு சொன்னா மறுபேச்சு இல்ல," என்றார் ஒரு நாள். அவர்கள் வழக்கு எங்கிருந்து வந்ததோ, எனக்குத் தெரியாது.  நான் அவசரமாக நோட்டுப் புத்தகங்களைத் திருத்தப் போய்விட்டேன்.

அங்கிள்

ஜியாமெட்ரி பெட்டி வந்த அன்று சாயங்காலம் மாமா கடையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். என் பக்கம் வந்து, அம்மாவுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்.

"வெளியில பாத்தா என்னை அங்கிள்னு கூப்புடு தாயி. ஸ்கூல்ல படிக்கிற புள்ள, அதான் நல்லாருக்கும். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

எவ்வளவு வசதியாகப் போயிற்று எனக்கு. பிடித்துக்கொண்டேன். இந்த ஊரில் அங்கிள் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டாக்சி ஓட்டுகிறவர் அங்கிள், மீன் விற்கிறவர் அங்கிள். முதலில் வெளியில் மட்டும் சொன்னேன். ஒரு வருடத்துக்குள் வீட்டிலும் அதுவே ஆகிவிட்டது. அம்மா இரண்டு தடவை திட்டினார், அப்புறம் அவரும் விட்டுவிட்டார். நாற்பது வருடத்துக்கு மேல் நான் அவரை மாமா என்று கூப்பிடவே இல்லை.

அத்தா அவரை 'மாப்ளே' என்பார். அந்தத் தெருவில் பாதிப் பேர் ஒருவரை ஒருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அம்மா கடைப்பக்கம் வருகிற வழக்கம் இல்லை. ஆக, அவர் எங்கள் சொந்தம் என்று காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை; தெருவுக்கு அவர் மாமாக். அவ்வளவுதான். லோரி ஓட்டுகிறவர், ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவர், பூக்கடை, டயர் கடை, எல்லாருக்கும் மாமாக். அத்தா போன பிறகு கடை கைமாறியது. புது முதலாளி மாமாவை அப்படியே வைத்துக்கொண்டார். கால் வீங்கி நிற்க முடியாமல் போகும் வரைக்கும் அதே இடத்தில் நின்று ஆற்றினார்.

ஊரில் இருந்த மாமிக்கும் அவருக்கும் பிள்ளை இல்லை. மாமி எப்போதோ இறந்துபோனார். நான் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தனியாகத்தான் இருக்கிறேன். மாமாவை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

தெருவுக்குச் சொல்லிடு

என் வீட்டு ஜன்னலிலிருந்து ரயில் போவது தெரியும். என்னோடு இருந்த மூன்று மாதமும் மாமா அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு ரயிலும் போர்ட் கிள்ளானுக்குத்தான் போகிறது என்று அவருக்கு நினைப்பு.

"சரசுக்கு முட்டி வலின்னு சொன்னுச்சு, எப்படி இருக்குன்னு தெரியல. ஆ செங் கடைசி மகன் படிப்ப முடிச்சுட்டானான்னு தெரியல," என்பார். சரசு அக்கா கடைக்கு எதிரே பூ விற்கிறவர். ஆ செங் பக்கத்து டயர் கடைச் சீனர். இருவர் வீட்டுக் கதையும் மாமாவுக்கு அத்துப்படி. என் பிள்ளைகளின் பேர் அவருக்குத் தடுமாறும், ஆ செங்கின் பேரப்பிள்ளைகள் பேர் தடுமாறாது.

ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் கையை உயர்த்திப் போதும் என்று காட்டினார்.

"ஜொஹரா, பழைய மார்க்கெட் பக்கம் இஸ்மாயில்னு ஒருத்தரு ரொட்டி போட்டுட்டு இருந்தாரு. தனி ஆளு. அவரு மவுத்தானப்ப சந்தூக்கு தூக்க ஆளு இல்ல. பள்ளிவாசல் கூட்டுற ஆளயும் என்னயும் கூப்பிட்டுத் தூக்க வச்சாங்க. எனக்கு அப்படி ஆகக்கூடாது."

"ஏன் அங்கிள் இப்படியெல்லாம் பேசுறீங்க," என்றேன்.

"பேசணும்ல. எனக்குப் பெருசா ஒண்ணும் செய்ய வேணாம். கிள்ளான்ல வச்சு அடக்கிரு. தெருவுக்குச் சொல்லிடு. தொழறவங்க தொழட்டும், மத்தவங்க வந்து வெளிய நின்னா போதும். நின்னா போதும் தாயி."

"கண்டிப்பா சொல்றேன் அங்கிள்," என்றேன்.

அப்போதாவது மாமா என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. இத்தனை வருடம் கழித்துத் திடீரென்று சொன்னால், கேட்டில் நடந்ததை எல்லாம் பேச வேண்டிவருமே என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நோன்பு பிறக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். நோன்பு பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால், விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு நான் எழுந்து பார்த்தபோது மூச்சு நின்றிருந்தது.

அறிவிப்பு

ஜொகூரிலிருந்து தம்பி நிஜாம் கிளம்பிவிட்டான். வண்டியில் வந்துகொண்டே போனில் கேட்டான்.

"ராத்தா, தெருக் கடைக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல நான் இருக்கேன். ஒரு மெசேஜ் எழுதி அனுப்புங்க, போட்டு விடுறேன்."

நான் டீச்சர் அல்லவா. உட்கார்ந்து அழகாக எழுதினேன். தமிழில் ஒரு தரம், மலாயில் ஒரு தரம். முகம்மது காசிம் பின் சேக் மைதீன் இன்று காலை வஃபாத்தானார்கள், அஸர் தொழுகைக்குப் பின் ஜனாஸா, கிள்ளானில் இன்ன பள்ளிவாசல். எழுத்துப்பிழை இல்லை. படித்துப் பார்த்த நிஜாம் திரும்பக் கூப்பிட்டான்.

"ராத்தா, மாமாக்னு ஒரு வார்த்தை போட்டுருங்களேன். அவங்களுக்கு அப்படிச் சொன்னாத்தான் தெரியும்."

"வாய மூடு. மையித்துக்கு ஒரு மரியாதை வேணாமா? உயிரோட இருந்தப்பதான் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்கன்னா, போறப்பவுமா? அவருக்குன்னு பேரு இருக்குல்ல," என்று கத்தினேன்.

 நான் எழுதியபடியே அவன் போட்டான். யாருடைய தம்பி, யாருடைய மாமா என்று ஒரு வரியாவது நான் சேர்த்திருக்கலாம். அதையும் சேர்க்கவில்லை. எனக்கு அப்போது தோன்றவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் தோன்றியது. வேண்டாம் என்று விட்டேன்.

பதினைந்து நிமிடத்தில் வந்துவிட்ட பதில்களை நிஜாம் வந்து இறங்கியதும் காட்டினான். கை கூப்பிய படங்கள், ஆழ்ந்த இரங்கல், ரெஸ்ட் இன் பீஸ். தெரு முழுக்க வந்துவிடும் என்று நினைத்து, வெளியே போட நாற்காலி போதுமா என்று பள்ளிவாசல்காரரிடம் கேட்டு, வாடகைக்கும் கொஞ்சம் எடுக்கச் சொன்னேன்.

அஸர் தொழுகை முடிந்தது. ஜனாஸா தொழுகைக்கு ஒரே ஒரு வரிசைதான் நின்றது, அதுவும் நிறையவில்லை. பாதிப் பேர் வழக்கமாக அஸருக்கு வருகிறவர்கள். வெளியே ஒருவர்கூட இல்லை. வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் அப்படியே அடுக்கிக் கிடந்தன. புது முதலாளி கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தார், அவரை விட்டுவிடலாம். மற்றவர்கள்? பள்ளிவாசலிலிருந்து அந்தத் தெரு நடக்கிற தூரம்தானே.

நிஜாம், அவன் மகன், என் மகன், நான்காவது பக்கத்துக்குப் பள்ளிவாசல் பணியாள். சந்தூக்கு அப்படித்தான் போயிற்று.

 நன்றி கெட்ட தெரு, கை கூப்பத் தெரிந்தவர்களுக்குக் கால் எடுத்து நடக்கத் தெரியாதா என்று ஒரு வாரம் முழுக்கத் திட்டித் தீர்த்தேன்.

ஒன்பதாம் நாள்

திட்டியும் ஆறவில்லை. நேரிலேயே நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று ஒன்பதாம் நாள் காலையில் ரயிலேறிக் கிள்ளானில் இறங்கினேன். நேராகப் பூக்கடைக்குப் போய் நின்றேன். சரசு அக்கா மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க டீச்சர். மாமாக் எப்படி இருக்காரு? கால் வீக்கம் வத்திருச்சா? நோம்பு வந்துருச்சே, அவரு பாட்டுக்கு நோம்பு புடிக்கிறேன்னு ஒக்காந்துடப் போறாரு, விட்றாதீங்க."

 நாலு வார்த்தை கேட்க வந்தவள், அவர் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அவரு போயி ஒம்பது நாளாச்சு அக்கா," என்றேன்.

தொடுத்த சரம் மடியிலிருந்து சரிந்தது. அதை அவர் எடுக்கவில்லை. "யாரும் சொல்லலையே டீச்சர். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சத்தம் கேட்டுப் பக்கத்திலிருந்து ஆ செங் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. "ஏன் சொல்லவில்லை? முப்பது வருஷம் லா, டீச்சர். தினம் இரண்டு தேத்தண்ணி," என்று மலாயில் கேட்டார்.

"மெசேஜ் வந்துச்சே," என்றேன். ஆ செங் போனை எடுத்து மேலே மேலே தள்ளிக் கண்டுபிடித்தார். நான் எழுதிய அறிவிப்பு. அதற்குக் கீழே அவரே போட்ட கை கூப்பிய படம்.

"இதுவா? இது யாரென்று எனக்குத் தெரியாதே. எல்லாரும் கும்பிட்டார்கள், நானும் போட்டேன்," என்றார்.

சரசு அக்கா எட்டிப் பார்த்தார். "அன்னிக்கா? அன்னிக்கு ஜனாஸா வேன் இந்த வழியாத்தான போச்சு. யாரோ பாய் போயிட்டாரு போலன்னு எந்திரிச்சு நின்னேன் டீச்சர். யாரோன்னு நெனச்சேன்."

குற்றம் யாருடையது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு சொல் போடச் சொன்னான் நிஜாம். அந்தத் தெருவுக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். மரியாதை என்று சொல்லிக்கொண்டு நான் அதை எடுத்துவிட்டேன். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் கெடுத்துவிட்டேன். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, தெருவில் போகிற வருகிறவர்கள் பார்க்க அழுதேன்.

பலகை

ஆ செங் டயர் கடை ஷட்டரை இறக்கினார். பட்டப்பகலில் அவர் கடை மூடி நான் பார்த்ததில்லை. தன் சின்ன லோரியில் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டார். சரசு அக்கா கூடையில் இருந்த மல்லிகை முழுவதையும் எடுத்துக்கொண்டார்.

மண் இன்னும் இறுகவில்லை. தலைமாட்டில் கல் வைக்கும் வரைக்கும் ஒரு மரப்பலகையில் பேரும் நாளும் எழுதி நட்டிருந்தோம். ஆ செங் முன்னால் நடந்தவர், அந்தப் பலகையைப் படித்துவிட்டுத் தாண்டிப் போய் அடுத்த வரிசையில் தேடினார்.

"இதுதான் அங்கிள்," என்று ஆ செங்கைக் கூப்பிட்டேன்.

திரும்பி வந்தார். மறுபடியும் படித்தார். "காசிம்," என்றார். சரியாகச் சொன்னேனா என்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வெயிலில் ரொம்ப நேரம் அப்படியே நின்றார். மாமா கேட்டது இதைத்தான். ஒன்பது நாள் பிந்தி, ஒருவர் நின்றார்.

சரசு அக்கா பூவை உதிர்த்து மண்ணில் பரப்பினார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மல்லிகை ஈரத்தோடு அவர் கை சில்லென்று இருந்தது.

"பெரிய மனசு டீச்சர் உங்களுக்கு. உங்கப்பாகிட்ட வேலை பாத்தவர வீட்டுல வச்சு, கஞ்சி ஊட்டி, கடைசி வரைக்கும் பாத்திருக்கீங்க. இந்தக் காலத்துல சொந்தக்காரங்களே செய்ய மாட்டாங்க," என்றார்.

மனதாரச் சொன்னார். நான் பேசாமல் இருந்திருந்தால் அந்தப் புகழும் எனக்கே சேர்ந்திருக்கும்.

"அவரு என் மாமா, அக்கா. எங்கம்மாவோட கூடப்பொறந்த தம்பி."

"உங்க சொந்த மாமாவா?" என்றார் சரசு அக்கா. "அப்புறம் ஏன் டீச்சர், கடைக்கு வர்றப்பல்லாம் அங்கிள் அங்கிள்னு..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

 பிறகு பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, காலிக் கூடையை எடுத்துக்கொண்டு லோரியை நோக்கி நடந்தார்.